பாடத்தையும் நாமே செய்வோம்

(ஆலையடிவேம்பில் நடைபெற்ற ஆசிரியர்கள், சங்கப் பிரதிநிதிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மலையிலிருந்து வந்த ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு இந்தக் கரையோரத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். எங்கள் மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்தவர்களில் பலர் மட்டக்களப்பிலிருந்தும் இந்த அம்பாறைக் கரையோரத்திலிருந்தும் வந்தவர்கள். எனக்குக் கற்பித்தவர்களிலும் இருவர் இந்தப் பக்கத்தவர்கள். ஆகவே கடன் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. அந்தக் கடனை வைத்துக்கொண்டே இன்னொரு கடன் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

கேட்பது இதுதான். உயர்தரப் பௌதிகவியலுக்குத் தமிழில், எங்கள் பாடத்திட்டப்படி, போனில் ஓடக்கூடிய பாடங்களை நீங்களும் நாங்களும் சேர்ந்து செய்ய வேண்டும்.

ஏன் பௌதிகவியல்?

தோட்டத்தில் ஒரு பிள்ளை சாதாரண தரம் சித்தியடைந்ததும், "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஆர்ட்ஸ்" என்றுதான் பதில் வரும். விருப்பப்பட்டு எடுத்தால் வரவேற்போம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் விரும்பி எடுப்பதில்லை. பக்கத்துப் பாடசாலையில் வேறு பிரிவு இல்லை என்பதால் எடுக்கிறார்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை நகரத்தில் இருக்கிறது. பஸ் செலவு, தங்குமிடம், டியூஷன் காசு என்று கூட்டிப் பார்த்தால் ஒரு வீட்டின் சம்பளமே போய்விடும்.

பொறியியலாளர் ஆவதானாலும் மருத்துவர் ஆவதானாலும் பிள்ளை பௌதிகவியல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் இரண்டும் அடைபட்டதுதான். மஸ்கெலியாவும் காசல்ரியும் மேல் கொத்மலையும் எங்கள் மலைத் தண்ணீரில் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. தலவாக்கலையில் 2012 இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நிலையத்தின் கொள்திறன் மட்டும் 150 மெகாவாட். அந்தத் தண்ணீரின் உயரத்தைச் சக்தியாகக் கணக்கிடும் பாடம் எங்கள் பிள்ளைக்கு எட்டாமல் இருக்கலாமா?

வரலாற்றையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களின் பிற்பகுதியில். முப்பது வருடத்துக்கும் மேலாக நாங்கள் வாசலில் நின்றோம். இப்போது எல்லோரும் டிஜிட்டல் கல்வி என்கிறார்கள். இந்த வாசலிலும் முப்பது வருடம் நிற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கொரோனாக் காலம் காட்டியது

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. வட்ஸ்அப்பிலும் சூமிலும் படிப்பு என்றார்கள். அரச தொலைக்காட்சியில் 'குரு கெதர' பாடங்கள் போயின, கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளம் இருந்தது. செய்தவர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூத்த பையனுக்குத்தான் முதல் உரிமை, தங்கச்சி எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். 2021 இல் ஊவாவில் பொகிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறைக்கு ஏறிய செய்தி உலகமெங்கும் போனது. லுணுகலைப் பக்கத்தில் மலையுச்சி மரத்தில் கட்டிய பரணில் இருந்து படித்தார்கள். எங்கள் தோட்டங்களில் அதே கதைதான், படம் பிடிக்க ஆள் வரவில்லை.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2005 இலேயே தொடங்கிய 'விக்டர்ஸ்' என்ற கல்வி அலைவரிசை இருந்தது. 2020 ஜூன் 1 ஆம் திகதி 'பெஸ்ட் பெல்' என்ற பெயரில் அதில் வகுப்புகள் ஆரம்பமாயின. வீட்டில் டிவி இல்லாத பிள்ளைகளுக்காக உள்ளூராட்சி மன்றங்களும் வாசிகசாலைகளும் இளைஞர் அமைப்புகளும் பொது இடங்களில் பார்க்கும் வசதி செய்தன. இடுக்கித் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளைப் போலத் தமிழில் படிப்பவர்களுக்குத் தமிழிலும் வகுப்புகள் செய்யப்பட்டன. அங்கே பாடத்தைச் செய்ய ஆசிரியர்கள் இருந்தார்கள், அதைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அமைப்புகளும் இருந்தன. இரண்டும் சேர்ந்ததால்தான் வேலை நடந்தது. எங்களிடம் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. பாடம்தான் இல்லை.

தமிழில்தான் நிறைய இருக்கிறதே!

யூடியூப்பில் தமிழ் பௌதிகவியல் பாடம் கொட்டிக் கிடக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மை. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் போனைக் காட்டினால் காணொளி திறக்கும் கட்டக் குறிகளே அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. நல்ல வேலை. ஆனால் எங்கள் பிள்ளை அதைத் திறந்து பார்த்தால் என்ன நடக்கிறது?

நாங்கள் 'ஆர்முடுகல்' என்பதை அவர்கள் 'முடுக்கம்' என்கிறார்கள். எங்கள் 'மீடிறன்' அங்கே 'அதிர்வெண்'. எங்கள் 'ஒளிமுறிவு' அங்கே 'ஒளிவிலகல்'. எங்கள் 'கொள்ளளவி' அங்கே 'மின்தேக்கி'. இவற்றையாவது ஒரு பட்டியல் போட்டுச் சமாளிக்கலாம். இன்னொன்றைக் கேளுங்கள். நாங்கள் 'அமுக்கம்' என்று படிப்பதை அவர்கள் 'அழுத்தம்' என்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு 'அழுத்த வேறுபாடு' என்றால் மின்சாரப் பாடம். திரவத்தைப் பற்றிய காணொளியில் 'அழுத்த வேறுபாடு' என்று கேட்டதும் அந்தப் பிள்ளை தடுமாறிப் போகும். உதவிக்கு ஆசிரியர் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குத்தான் நாங்கள் பாடம் செய்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது பாடப் புத்தகம். அரசின் இலவசப் பாடநூல் 11 ஆம் தரத்தோடு நின்றுவிடுகிறது. உயர்தரத்துக்குப் பிள்ளை பாஸ்பேப்பரையும் டியூட்டையும் தேடி அலைகிறது. பரீட்சையிலோ 50 பல்தேர்வு வினாக்கள், அதன்பின் அமைப்புக் கட்டுரை வினாக்கள். அந்த வினாக்களில் சுரமானி, அழுத்தமானி, நுண்மானித் திருகுக்கணிச்சி என்று ஆய்வுகூட உபகரணங்கள் வருகின்றன. இவற்றைக் கையால் தொடாமல், படத்தில் மட்டும் பார்த்துப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் கிராமப் பாடசாலைகளிலும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் இடத்திலிருந்தே எடுப்போம்

சரி, பாடத்தை எப்படிச் செய்வது? மூன்று உதாரணம் சொல்கிறேன். இரண்டு மலையிலிருந்து, ஒன்று உங்கள் கடலிலிருந்து.

முதலாவது, கொழுந்து மடுவத்துத் தராசு. தொழிலாளியின் நாள் அந்தத் தராசில்தான் முடிகிறது. ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர். சாமான் வைக்காதபோதே முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால் பௌதிகவியலில் அதைப் பூச்சிய வழு என்கிறோம். ஒரு தராசு ஒவ்வொரு முறையும் 500 கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, மாதம் 22 நாள் வேலை என்றால் 33 கிலோ கொழுந்து கணக்கில் வராது.

பாடத்தில் என்ன செய்கிறோம்? ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. வெறும் வாளியைத் தராசில் வைத்து அளவைக் குறிக்கிறோம். பிறகு ஒவ்வொரு லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் காட்டும் அளவை எழுதி, வரைபு கீறுகிறோம். ஒவ்வொரு லீற்றருக்கும் சரியாக ஒரு கிலோ ஏறினால் தராசின் படிமுறை சரி. ஏறும் அளவு கூடினாலோ குறைந்தாலோ அது வேறு வழு. ஒன்றும் வைக்காதபோது பூச்சியம் காட்டாவிட்டால் அதுதான் பூச்சிய வழு. இரண்டையும் பிள்ளை பிரித்து அறிந்துகொள்கிறது. வியாபாரத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிட ஒரு அரச திணைக்களமும், 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் இருப்பதையும் அதே பாடத்தில் சொல்லலாம். பரீட்சைக்கும் உதவும், அம்மாவுக்கும் உதவும். வரைபோடு பேசுபவரை யாரும் இலேசில் தட்டிக்கழிக்க முடியாது.

இரண்டாவது, ஸ்டோர். உங்களுக்காகச் சொல்கிறேன், தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். 100 கிலோ பச்சைக் கொழுந்து போனால் ஏறக்குறைய 22 கிலோ தேயிலைதான் வெளியே வரும். மீதி 78 கிலோவும் காற்றோடு போன தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? ஒரு கிலோ தண்ணீருக்கு ஏறக்குறைய 22 இலட்சத்து 60 ஆயிரம் யூல் என்று ஆவியாதலின் தன்மறை வெப்பம் சொல்கிறது. 78 ஆல் பெருக்கினால் 17 கோடி யூலுக்கு மேல். வாட்டும் இடத்தில் தொங்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் உயர்தரப் பாடத்தில் வரும் சாரீரப்பதனை அளக்கும் அதே கருவிகள். மழை நாளில் கொழுந்து வாட ஏன் நேரம் எடுக்கிறது என்று ஸ்டோரில் வேலை செய்யும் அண்ணனைக் கேளுங்கள். அனுபவத்தில் அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலுக்குப் பெயர்தான் சாரீரப்பதன்.

மூன்றாவது உதாரணத்தை இந்த மண்ணில் நின்று சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டம். நேரம் காலை 7 மணி ஆவதற்கு முன் சுமாத்திராக் கடலில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை இங்கே வந்துவிட்டது. ஏன் அவ்வளவு வேகம்? ஆழ்கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமி அலையின் வேகம் கிடைக்கும். 4000 மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு 198 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். கரையோரம் 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீற்றர்தான். முன்னால் போகும் தண்ணீர் மெதுவாக, பின்னால் வருவது அதை நெருங்க, அலை உயர்ந்து எழுகிறது.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி சிமித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்ததை நினைத்து, கடல் மாறுவதைக் கண்டு சத்தமிட்டாள். கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். ஒரு பாடம் உயிர் காத்தது. ஆனால் அந்தப் பாடத்தை அப்படியே எடுத்து இங்கே போட்டால் ஒரு குறை வரும். சுமாத்திராவுக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம் அலையின் தாழி முன்னே வந்தது, அதனால் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே எங்கள் பக்கம் முடி முன்னே வந்தது, கடல் முதலில் ஏறியது. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் படித்த பிள்ளை இந்தக் கரையில் உள்வாங்கும் வரை காத்து நிற்கும். எங்கள் இடத்துக்கு எங்கள் பாடம் வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று இப்போது விளங்கும்.

செய்முறை

கமெரா, ஸ்டூடியோ ஒன்றும் தேவையில்லை. சில விதிகளை வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு பாடம் பத்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். கணக்குப் பாருங்கள்: சாதாரணத் தரத்தில் பத்து நிமிடக் காணொளி ஏறக்குறைய 30 மெகாபைட். அதே பத்து நிமிடத்தைக் குரலாக மட்டும் பதிந்தால் இரண்டரை மெகாபைட். குரலோடு ஏழெட்டுப் படங்களைச் சேர்த்தாலும் ஐந்தைத் தாண்டாது. டேட்டா காசு நாட்சம்பளத்திலிருந்து போகிறது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை எத்தனை வருடம் போராடினோம் என்பது இங்குள்ள தோழர்களுக்குத் தெரியும். ஆகவே அசைந்துதான் விளங்க வேண்டிய இடத்தில் மட்டும் காணொளி, மற்றதெல்லாம் குரலும் படமும்.

இணையம் இல்லாமலே ஓட வேண்டும். மெமரி காட்டில் போட்டு ஒருவருக்கு ஒருவர் கைமாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கிய 'ஃபெட்' என்ற திட்டம் மின்சுற்று, அலை, விசை எல்லாவற்றுக்கும் விரலால் இழுத்துப் பார்க்கும் மாதிரிகளை இலவசமாகத் தருகிறது. தொடங்கியவர் பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமல் ஓடும். தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. எங்கள் சொற்களில் ஒரு விளக்கத் தாளைச் சேர்த்தால் போதும்.

போனையே ஆய்வுகூடமாகவும் ஆக்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் 2016 இல் வெளியிட்ட 'ஃபைஃபொக்ஸ்' என்ற இலவசச் செயலி, போனுக்குள் இருக்கும் உணரிகளால் ஆர்முடுகலையும் ஒலியையும் அளக்கிறது. அதில் ஒலியால் இயங்கும் நிறுத்தற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. முதல் சத்தத்தில் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். ஒன்றேகால் மீற்றர் உயரத்தில் ஒரு கட்டையின் விளிம்பில் ஒரு இரும்பு நட்டை வையுங்கள். கட்டையைத் தட்டி நட்டை விழவிட்டால் தட்டும் சத்தமும் கீழே தகரத்தில் விழும் சத்தமும் அரைச் செக்கன் இடைவெளியில் பதியும். அதிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்கலாம். லயத்து வாசலில் செய்யக்கூடிய பரிசோதனை இது.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளை கையால் செய்ய ஒரு அளவீடும், பரீட்சை மாதிரியில் மூன்று கேள்வியும் இருக்கட்டும். வெளியிடுமுன் இன்னொரு ஆசிரியர் பிழை பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து, எங்கே நிறுத்தித் திரும்பக் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். அந்த இடத்தைத் திருத்துங்கள்.

யார் என்ன செய்வது?

ஆசிரியர்களுக்கு: மலையிலிருந்து ஐந்து பேர், கரையிலிருந்து ஐந்து பேர், ஒருவருக்கு மாதம் ஒரு பாடம். பத்து மாதத்தில் நூறு பாடம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையிலுள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் உங்களுக்கு அருகில் இருக்கின்றன. அங்கே படிக்கும் தம்பி தங்கச்சிகளைப் பிழை பார்க்கவும் படம் கீறவும் அழைப்போம்.

சங்கத்துக்கு: ஒவ்வொரு தோட்டத்திலும் மின்சாரமும் கதவும் உள்ள ஒரு அறை பிள்ளைகளுக்கு அந்தி நேரத்தில் வேண்டும். அதை நிர்வாகத்திடம் கேட்கும் கோரிக்கைகளில் தண்ணீர், கூரை ஆகியவற்றோடு சேர்த்து எழுதுங்கள். பாடங்கள் அடங்கிய ஒரு பழைய கணினியும் நாலு மெமரி காட்டும் அங்கே இருந்தால் தொடங்கிவிடலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாங்கள் பாடம் செய்துவிட்டால், "காணொளிதான் இருக்கிறதே, ஆசிரியர் எதற்கு?" என்று நாளை ஒருவர் கேட்பார். விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பும் கோரிக்கையில் ஒரு அங்குலமும் பின்வாங்கக் கூடாது. காணொளியிடம் பிள்ளை சந்தேகம் கேட்க முடியாது. பாடம் ஆசிரியரின் கையில் ஒரு கருவி. அதைச் செய்யும் ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்பதும், தமிழ்மொழி மூல உயர்தரப் பிள்ளைக்கும் முழுமையான பாடநூல் வேண்டும் என்பதும் அதே கோரிக்கையின் பகுதிகள்.

அம்மா, அப்பாமாருக்கு: உங்களுக்குப் பௌதிகவியல் தெரியத் தேவையில்லை. அந்தியில் ஒரு மணித்தியாலம் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். மகனுக்குக் கொடுத்தால் அதே அளவு மகளுக்கும் கொடுங்கள். படித்து முடிந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இன்றைக்கு எதை அளந்தாய்?" பதில் சொல்ல வேண்டியிருந்தால் பிள்ளை அளக்கும்.

முதல் பத்துப் பாடங்களின் பட்டியலைக் கொண்டுவந்திருக்கிறேன். தராசு, ஸ்டோர், விழும் நட்டு ஆகிய மூன்றையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். சுனாமிப் பாடத்தை உங்களில் ஒருவர்தான் செய்ய வேண்டும். அதைச் சொல்லும் உரிமையும் பக்குவமும் இந்தக் கரைக்கே உண்டு. மீதி ஆறுக்கும் எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகுமுன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.